கையில் நிற்காத பலகாரம்

தஸ்தகீருக்குக் கோபம் வந்தால் முதலில் அடி வாங்குவது கரண்டிதான். அந்த டிசம்பரில் மூக்கண்டப்பள்ளியில் அவர் வீட்டுக் கரண்டி பட்ட பாடு கொஞ்சமல்ல.

எண்பத்தாறாம் வருஷம். ஃபேக்டரி கேண்டீனில் பல வருஷமாக அவர் காண்ட்ராக்ட் சமையல்காரர். லட்டோ மைசூர்பாகோ, அவர் கையில் பதம் தப்பாது என்று ஊரே சொல்லும். பேர் கிடைத்து என்ன பயன்? நேற்று வந்தவன் எல்லாம் பெர்மனென்ட் ஆகிவிட்டான், இவர் மட்டும் அப்படியே இருந்தார். அப்போதுதான் புது மெஷின் பூட்ட ஸ்பெயினிலிருந்து ரமோன் என்ற எஞ்சினியர் வந்திருந்தார். கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போக முடியாத ஏக்கத்தில் மனிதர் சரியாகச் சாப்பிடுவதே இல்லை. மேனேஜர் தஸ்தகீரைக் கூப்பிட்டார்.

"பாய், பொல்வொரோன்னு அவங்க ஊரு பண்டிகைப் பலகாரம். மாவ வறுத்து, பாதாம் அரைச்சு, சர்க்கரை, பட்டைத் தூள், கொழுப்பு போட்டுப் பிசைஞ்சு சுடணுமாம். அவங்க போடறது பன்னிக் கொழுப்பாம், உங்களுக்கு டால்டா போதும்னுட்டாரு ரமோன். ஆனா தண்ணி ஒரு சொட்டுகூட ஆகாதாம். பெங்களூர் ஹெட் ஆபீஸ்ல இருந்து பெரியவர் வர்ற அன்னிக்கே குடுப்போம். நல்லா வந்தா உங்க பெர்மனென்ட் விஷயத்த அங்கயே பேசிடறேன்."

தஸ்தகீர் வீட்டிலேயே ஒத்திகை பார்த்தார். வாசனை தெருமுனை வரை போனது. ஆனால் ஒரு வில்லையை எடுத்தால் கையிலேயே பொலபொலவென்று உதிர்ந்தது. மறுபடி செய்தார், மறுபடி உதிர்ந்தது. பொடியை எல்லாம் பக்கத்து வீட்டு வெள்ளையம்மாவின் கோழிகளுக்குக் கொட்டினார்.

"ருசி நல்லாத்தானே இருக்குது?" என்றாள் மனைவி காத்தூன்.

"ருசிய வச்சுக்கினு என்னா பண்றது? பெரியவர் முன்னாடி கையில பொடியா கொட்டுனா, பதம் தெரியாதவன்னு என் மூஞ்சியிலயே துப்புவாங்க. தண்ணி இல்லாம எந்த மாவு நிக்கும்?"

கடைசியில், சொன்ன பேச்சைக் கேட்காமல், சர்க்கரையில் தண்ணீர் விட்டுக் கம்பிப் பாகு காய்ச்சி மாவில் ஊற்றினார். வில்லைகள் கும்மென்று நின்றன. தூக்கிப் போட்டுப் பிடித்துப் பார்த்தார், ஒரு பொடிகூட உதிரவில்லை. அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினார்.

கேண்டீனில் பெரியவர் உட்கார்ந்திருக்க, ரமோன் சிரித்த முகத்தோடு ஒரு வில்லையை எடுத்தார். அதைக் காகிதத்தில் சுற்றி, உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிசைந்தார். பிடிக்காமல் நசுக்குகிறாரோ என்று தஸ்தகீர் எட்டிப் பார்த்தார். வில்லை அசையவில்லை. ரமோன் இன்னும் அழுத்தினார். பிறகு கடித்தார். கல்லைக் கடித்த சத்தம் கேட்டது.

"குட், குட்" என்று சொல்லிவிட்டு மீதியைத் தட்டில் வைத்தார். பெரியவர் தட்டைத் தொடவே இல்லை.

"என்னா சார் தப்பு?" தஸ்தகீர் மேனேஜரிடம் கேட்டார்.

மேனேஜர் ரமோனிடம் கேட்டுச் சொன்னார். "அது தொட்டாலே உதிரணுமாம் பாய். உதிர்றதாலதான் காகிதத்துல சுத்திக் கையில அமுக்கிச் சாப்பிடுவாங்களாம். தண்ணி ஆகாதுன்னு அதுக்குத்தான் சொன்னாரு. சரி, உங்க விஷயத்த அடுத்த வருஷம் பாக்கலாம்."

தஸ்தகீர் தட்டை உள்ளே எடுத்துப் போனார். சொந்த ஊர் நினைப்பில் வாடும் மனிதனுக்குக் கல்லைக் கொடுத்துவிட்டோமே என்ற வருத்தம் ஒரு பக்கம், வீட்டில் சரியாகச் செய்ததைத் தன் கையாலேயே வீசினோமே என்ற ஆத்திரம் ஒரு பக்கம். வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

வாசலில் வெள்ளையம்மா கிண்ணத்தோடு நின்றிருந்தாள்.

"பாய், அந்தப் பொடி இன்னும் கொஞ்சம் இருக்குதா? கோழிங்க வேற எதைப் போட்டாலும் தொட மாட்டேங்குது."