யானைக்குத் தட்டு அடிக்கும் ஊர்

ராஜபாளையத்திலிருந்து பார்த்தால் எங்கள் ஊர் தெரியாது. மலைதான் தெரியும். காப்பி எஸ்டேட் வேலைக்காக அடிவாரத்திலிருந்து ஏறி வந்தவர்கள் குடிசை போட்டு உண்டாக்கிய ஊர். ஒரு சரிவு, அதில் மேலும் கீழுமாக வீடுகள். ஒற்றுமையா, அது கிலோ என்ன விலை என்று கேட்கிற சனம். குழாயடியில் சண்டை, கோழி மேய்ந்தால் சண்டை. எனக்கும் எதிர்வீட்டுக்காரிக்கும் ஒரு பலா மரத்துக்காகப் பேச்சே நின்றுபோயிருந்தது.

யானை வந்தால் மட்டும் கதை வேறு. முதலில் பார்த்த வீட்டில் சோற்றுத் தட்டை எடுத்துக் கரண்டியால் அடிப்பார்கள். அடுத்த வீடு அதைப் பிடித்துக்கொள்ளும், அதற்கடுத்த வீடும். சரிவு முழுக்கத் தட்டுச் சத்தம் இறங்கும். யானை பலாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். என்னோடு பேசாத எதிர்வீட்டுக்காரிதான் எல்லோரையும்விட ஓங்கி அடிப்பாள்.

எஸ்டேட்டை மூடினார்கள். பிள்ளைகள் மில் வேலைக்கு இறங்கினார்கள், பின்னாலேயே பெற்றவர்களும். எதிர்வீட்டுக்காரியை அவள் மகன் ராஜபாளையத்துக்குக் கூட்டிப்போனான். போகிற அன்றுதான் வாயைத் திறந்தாள்.

"ஏட்டி, நீயும் கீழ வந்துரு. ஒத்தையில என்ன செய்வ?"

என் வீட்டுக்காரர் இறந்தபோதே ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் மகளும் கூப்பிட்டாள். மிளகுக்கொடியைக் காரணம் சொல்லி இருந்துவிட்டேன். வீம்புதான், வேறென்ன. இப்போது ஊரில் எரிகிற அடுப்பு என்னுடையது மட்டும்.

போன மாதம் விளக்கேற்றுகிற நேரத்தில் யானை வந்தது. தட்டை எடுத்து அடித்தேன். பிடித்துக்கொள்ள அடுத்த வீடு இல்லை. ஒற்றைத் தட்டுச் சத்தம் எவ்வளவு அற்பம் என்று அன்றுதான் தெரிந்தது. யானை காதை ஆட்டியபடி பலாப்பழத்தைப் பறித்தது. பயத்தைவிட அழுகைதான் வந்தது. எதிர்வீட்டுக்காரிக்குப் போன் போட்டேன்.

"ஆனை வந்துருக்கு. நான் மட்டும்தான் அடிக்கேன்."

"போனை ஸ்பீக்கர்ல போடுட்டி!" என்று கத்தினாள். அடுத்த நொடி அங்கே தட்டுச் சத்தம். யாரோ வந்து என்னவென்று கேட்டார்கள் போல. "எங்க ஊருக்குள்ள ஆனை வந்துருச்சு, செத்த நேரம் சும்மா இருங்க" என்று அவள் அதட்டுவது கேட்டது. போனை ஜன்னலில் வைத்துவிட்டு நானும் சேர்ந்து அடித்தேன். சத்தத்துக்குப் பயந்ததோ, வயிறு நிறைந்ததோ, யானை மெதுவாகத் திரும்பிக் காட்டுக்குள் போய்விட்டது.

"போயிருச்சா?" என்றாள் மூச்சிரைக்க.

"இல்ல, இன்னும் நிக்குது" என்றேன்.

மறுபடி அடிக்கத் தொடங்கினாள். நான் என் தட்டைக் கீழே வைத்துவிட்டு, ஜன்னலடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.