ரிஜெக்ட் ஆன கஞ்சிப்பாசி

சுங்குவார்சத்திரத்தில் எங்கள் கம்பெனிப் பெண்கள் விடுதி அறைக்குக் கடல் டிபன் பாக்ஸில் வந்தது. என்னோடு தங்கியிருந்தவள் பாம்பன் பக்கத்துப் பெண். அவள் அம்மா கடலில் முங்கிப் பாசி எடுப்பவர். விடுதியில் யார் லீவுக்குக் கிளம்பினாலும், "உங்க கரையில கிடக்குற பாசி ஒரு கைப்பிடி, உப்புப் போட்டுக் கொண்டாங்க" என்பாள். ஒடிசா, விசாகப்பட்டினம், கன்னியாகுமரி, ஒருமுறை குஜராத்திலிருந்துகூட வந்தது. தட்டுத் தண்ணீரில் அதை மிதக்கவிட்டு, அடியில் தாளைச் செருகித் தூக்குவாள்; பாசி தாளிலேயே ஒட்டிக் காய்ந்துவிடும். ஒன்று விசிறி, ஒன்று தலைமுடி, ஒன்று மணிச்சரம். ஒரு நாட்டின் கரைக்கு இத்தனை வகையா என்று வாய் பிளந்தேன். எட்டாவதோடு நின்ற எனக்குக் கடல் என்றால் மெரினாதான்.

அவள் ஊர்ப்பக்கம் பாசி ஆராய்ச்சிக்கூடத்தில், கடலில் இறங்கிப் பாசி எடுத்துத் தரும் உதவியாளர் வேலைக்கு நேர்காணல். சேர்த்த தாள்களைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். பூஞ்சை பிடித்துவிடுமோ என்று அவளைவிட எனக்குத்தான் பயம். அவள் கிளம்புவதற்கு முந்தின நாள் எனக்கு வார விடுமுறை. அவள் முதல் ஷிஃப்ட் போயிருந்தாள். ஒவ்வொரு தாளாகப் பார்த்தேன். ஒரகடத்தில் எனக்கு ரப்பர் வாஷர் சோதிக்கும் வேலை. நிறம் மாறியதெல்லாம் ரிஜெக்ட். கஞ்சிப்பாசி என்று எழுதிய மூன்று தாளில் ஒன்று பச்சை, ஒன்று பழுப்பு, ஒன்று வெளிறிய சிவப்பு. கெட்டுப்போனதைக் காட்டி வேலை கை நழுவினால்? பச்சையை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டேன்.

மதியம் வந்தவளிடம் பெருமையாகச் சொன்னேன்.

"அக்கா! மூணும் ஒரே பாசிதான்க்கா. வெயில் படுற எடத்துல ஒரு நெறம், ஆழத்துல ஒரு நெறம். அதைக் காட்டத்தானே வச்சிருந்தேன்!"

"எனக்கின்னாடி தெரியும்? கலரு மாறிக்கினு இருந்துச்சு..."

"நல்லவேள, எங்கம்மாவ நீங்க பார்க்கல. வெயில்ல கருத்துட்டாகன்னு அவுகளையும் ரிஜெக்ட் பண்ணியிருப்பீக."

தொட்டிக்கு ஓடினோம். பழுப்பை மாடு மென்றுகொண்டிருந்தது. சிவப்பு மட்டும் கிடைத்தது.

நேர்காணலன்று சாயங்காலம் போன் செய்தாள். பட்டியலில் இருக்கும் மூன்றாவது கஞ்சிப்பாசித் தாள் எங்கே என்று கேட்டார்களாம். மாடு தின்ற கதையை அப்படியே சொல்லியிருக்கிறாள். "நிறத்தை நம்பாம எப்படிம்மா கண்டுபிடிப்பே?" என்று ஈரப் பாசிகளை நீட்டினார்களாம். இவள் கண்ணை மூடிக்கொண்டு, தடவித் தடவியே ஒவ்வொன்றாகப் பேர் சொல்லியிருக்கிறாள்.

"வேலை கெடச்சிருச்சுக்கா!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "கடல்ல ஜாக்கிரதையா எறங்குடி" என்றேன்.