கதவுப் பக்கம் நீண்ட கை

அருள்தாஸ் மாஸ்டர் போய்விட்டார்.

காலையில் அவர் மகள் போன் செய்தாள். "அத்தே... அப்பா தூக்கத்துலயே போயிட்டாரு."

உங்களில் பலருக்கு அவரை கோலாலம்பூர் மேடைகளில் கோட்டு போட்டுக்கொண்டு ஆர்கெஸ்ட்ரா நடத்திய கண்டக்டராகத் தெரியும். ஸ்கூல் ஆர்கெஸ்ட்ராவில் அவரிடம் திட்டு வாங்கிய ஆட்களும் என் ஃபிரெண்ட்ஸ் லிஸ்டில் நிறைய இருக்கிறீர்கள். "மொதல்ல வாயால பாடு, அப்புறம் வயலினைத் தொடலாம்"... ஞாபகம் இருக்கிறதா?

எனக்குத் தெரிந்தவர் அதற்கும் முந்தியவர். கோல சிலாங்கூர் பக்கம், எங்கள் தோட்டப் பள்ளியின் இளவயது வாத்தியார்.

வெள்ளைக்காரர்கள் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசர காலம் அது. நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி. காட்டில் இருப்பவர்களுக்கு அரிசி கடத்துகிறோமோ என்று கேட்டில் எல்லாவற்றையும் சோதிப்பார்கள். என் வயலின் பெட்டியைக்கூடக் கவிழ்த்துத் தட்டுவார்கள்.

அந்த வேலிக்குள்தான் மாஸ்டர் ஆர்கெஸ்ட்ரா ஆரம்பித்தார். ஆர்கெஸ்ட்ரா என்று அவர் மட்டும்தான் சொல்வார்! சில வயலின்கள், ஒரு ஆர்மோனியம், என் அண்ணன் சூசையின் ட்ரம்பெட். சுண்ணாம்பு பூசிய தென்னை ஈர்க்குதான் மாஸ்டரின் கைக்கோல். மங்கின வெளிச்சத்திலும் எங்களுக்குத் தெரிய வேண்டுமாம்.

கிறிஸ்துமஸுக்கு அவரே ஒரு இசை எழுதினார். வயலின்கள் கேள்வி கேட்கும். தூரத்திலிருந்து ட்ரம்பெட் பதில் சொல்லும்.

"டேய் சூசை, உள்ள நின்னு ஊதுனா காதுக்குள்ள கேக்குதுடா. வேலியோரம் போய் நில்லு. பள்ளிக்கூடக் கதவத் தொறந்து வைக்கிறேன், நான் கை நீட்டுனா ஊது."

அண்ணனும் மாஸ்டரும் ஒரே வயது. ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்கள். சிரித்துக்கொண்டே போனான்.

வெளியே ரோந்து வந்த போலீஸுக்கு எங்கள் வயலின் கேட்கவில்லை போலிருக்கிறது. அவர்களுக்குக் கேட்டதெல்லாம் ட்ரம்பெட். பொழுது சாய்கிற நேரம், வேலியோரம் ஒருத்தன் ஊதுகிறான்... நிறுத்துகிறான்... மறுபடி ஊதுகிறான்...

காட்டுக்கு சிக்னல் கொடுக்கிறான் என்று பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மாஸ்டர் இசைத்தாளைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினார். "நான்தான் ஊதச் சொன்னேன்" என்று கெஞ்சியிருக்கிறார். தாளில் இருந்த புள்ளிகளைப் பார்த்துவிட்டு, இது என்ன ரகசியக் குறியா என்று கேட்டார்களாம்.

கொஞ்ச காலம் முகாமில் வைத்திருந்தார்கள். பிறகு கப்பலேற்றி "ஊருக்கு" என்று இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். லயத்தில் பிறந்த பிள்ளை லா அவன்! ஊர் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது. அங்கேயே செத்தும் போனான். நாங்கள் யாரும் முகம் பார்க்கவில்லை.

"எம்புள்ளைய வேலியோரம் நிக்க வச்சியேடா பாவி..." அம்மா மாஸ்டரைப் பார்த்துக் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. அவர் வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டு வாசலுக்கு வருவார். அம்மா கடைசி வரைக்கும் ஒரு வாய் கோப்பி கொடுத்ததில்லை. அவரும் வராமல் இருந்ததில்லை.

பிறகு அவர் பெரிய ஆள் ஆனார். எத்தனையோ பிள்ளைகள், எத்தனையோ மேடைகள். பல வருஷம் அவருக்குக் கீழே இரண்டாவது வயலின் வாசித்தேன், அதனால் எனக்குத் தெரியும்...

அந்த கிறிஸ்துமஸ் இசையை அவர் விடவே இல்லை. ஆனால் பதில் வரும் இடத்தில் யாரையும் ஊத விட மாட்டார். ஹாலின் பின்கதவைப் பார்த்துக் கையை நீட்டுவார். மொத்த ஆர்கெஸ்ட்ராவும் சும்மா உட்கார்ந்திருக்கும். அந்தப் பதிலுக்கு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரமும் காத்திருப்பார். அப்புறம்தான் கை எங்கள் பக்கம் திரும்பும்.

ஒரு பேப்பரில் அதை "டிராமாட்டிக் இடைவெளி" என்று பாராட்டி எழுதியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு அன்று முழுக்க அழுதேன்.

ஒரு தடவை கேட்டேவிட்டேன். "மாஸ்டர், வேற யாராச்சும் ஊதட்டுமே. எத்தன வருசம் இப்படி?"

"உங்க வீட்ல யாராச்சும் சொன்னாத்தான்மா" என்றார். அப்போது அம்மா உயிரோடு இருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

இப்போது வீட்டில் நான் மட்டும்தான் மிச்சம்.

நாளைக்கு மாதா கோயிலில் அடக்கப் பூசை. அவருடைய ஆர்கெஸ்ட்ரா பிள்ளைகள் அந்த இசையை வாசிக்கிறார்கள். கடைசியாக அவரிடம் படித்த பெண்ணிடம் ட்ரம்பெட்டோடு வரச் சொல்லியிருக்கிறேன். வெளியே, வேலியோரம் நின்று ஊதுவாள்.

வருகிறவர்கள் தயவுசெய்து பின்கதவைச் சாத்தாதீர்கள்.

போய்ட்டு வாங்க மாஸ்டர்... நாங்கதான் சொல்றோம், ஊதட்டும்.