கிறிஸ்துமஸ் நாளில் எனக்கு வந்த காய்ச்சல்

எண்பதுகளின் கடைசியில் மேற்குத் தாம்பரத்தில் ஒரு மாடி அறையில் குடியிருந்தேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் என்பதால் கிறிஸ்துமஸுக்குச் சேர்த்து லீவு கிடைக்கவில்லை. அறைத் தோழர்கள் இருவரும் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். கீழ் வீட்டு அக்கா முந்தின நாளே என்னை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். தனியாகக் கிடக்கிறானே என்று பரிதாபப்பட்டுக் கூப்பிடுகிறார்கள் என்று எனக்கு ரோஷம். அந்த வயதில் என்னிடம் சம்பளத்தைவிட ரோஷம்தான் அதிகம் இருந்தது.

காலையில் சர்ச்சுக்குப் போகும் வழியில் அக்காவின் கணவர், நான் அண்ணன் என்று கூப்பிடுபவர், மாடியேறி வந்து நினைவுபடுத்தினார். காய்ச்சல் என்றேன். குரலைக் கொஞ்சம் நடுங்கவும் விட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. சாமர்த்தியமாகத் தப்பித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு பழைய வார இதழ் ஒன்றைப் பிரித்தேன்.

பதினொரு மணிக்கே தனிமை அலுத்துவிட்டது. வழக்கமாகச் சாப்பிடும் மெஸ் அன்று பூட்டு. கீழே விருந்தாளிகள் வந்தார்கள். சிரிப்புச் சத்தமும் பிரியாணி வாசனையும் சேர்ந்து படியேறி வந்தன. தரையில் காதை வைத்துக் கேட்டேன் என்பதை இத்தனை வருடம் கழித்து ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். போர்வையைச் சுற்றிக்கொண்டு திறந்தேன். அக்கா கையில் கஞ்சிச் சொம்பு. கூடவே அவர் கணவரும், பம்மலிலிருந்து வந்த உறவினர் நான்கு பேரும். அண்ணன் அங்கேயே முட்டி போட்டு என் சுகத்துக்காக ஜெபிக்கத் தொடங்கினார். எனக்காக அவ்வளவு நேரம் யாரும் யாரிடமும் பேசியதில்லை. வெட்கத்தில் உடம்பு நிஜமாகவே நடுங்கியது. அக்கா என் நெற்றியில் கை வைத்தார். ஓரக்கண்ணால் பார்த்தேன். எல்லோரும் கண்ணை மூடியிருக்க, அவர் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மற்றவர்கள் இறங்கிய பிறகு அக்கா பின்தங்கினார்.

"உடம்பு ஜில்லுனு இருக்கு தம்பி."

"பாவம் பாத்துக் கூப்பிட்டீங்கன்னு நெனச்சேன்க்கா."

"பாவம் பாத்துத்தான் கூப்பிட்டேன். அதுக்கு இன்னா இப்போ? பசிக்குதா இல்லையா?"

பசித்தது. சட்டையை மாற்றிக்கொண்டு கீழே போனேன். அண்ணனுக்கு என்னைக் கண்டதும் கண் கலங்கிவிட்டது. ஜெபம் கேட்கப்பட்டதென்று பம்மல்காரர்கள் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நோயாளி மூன்று முறை பிரியாணி வாங்கிச் சாப்பிட்டதும் அற்புதத்தின் கணக்கில்தான் சேர்ந்தது. அக்கா மூச்சுவிடவில்லை.

அண்ணன் அதைப் பல வருடம் சர்ச்சில் சாட்சியாகச் சொன்னதாகக் கேள்வி. திருத்தும் தைரியம் எனக்கு வரவில்லை. ஆனால் அடுத்த மாதம் பொங்கலன்று, எதிர் வீட்டில் கூப்பிடுவதற்கு முன்பே குளித்துத் தயாராக உட்கார்ந்திருந்தேன்.