மாமா தண்ணீர் குடிக்காத வாரம்

காலையில் மாமாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் சொம்பு நிறையத் தண்ணீர் வைத்துவிட்டு ஜெராக்ஸ் கடையைத் திறக்கப் போவேன். மதியம் சாப்பாட்டுக்கு வந்து பார்த்தால் விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே, வைத்த அளவிலேயே நிற்கும். வெளியே ஐப்பசி மழை. மணிமுத்தாற்றில் தண்ணீர், ஜங்ஷன் ரோட்டுப் பள்ளங்களில் தண்ணீர், எங்கள் மாடிப்படியில்கூட ஓடை மாதிரி தண்ணீர். ஊருக்கே தண்ணீர் வழிந்துகொண்டிருக்கையில் என் மாமனார் மட்டும் வாயை மூடிக்கொண்டு படுத்திருந்தார்.

தாகமில்லை, மழைக்காலம் என்றார். முதலில் நம்பினேன்.

இடுப்பெலும்பு உடைந்து படுக்கையோடு ஆனவர். சில நேரம் சொல்வதற்குள் விரிப்பு நனைந்துவிடும். பிளாஸ்டிக் உறை கட்டினால் தொடையெல்லாம் புண்ணாகிறது. ஆகவே பழைய வேட்டிகளும் விரிப்புகளும்தான், துவைத்துத் துவைத்து. ஊசி போட வரும் நர்ஸம்மா அவருடைய உலர்ந்த உதட்டைப் பார்த்தார், மூத்திரத்தின் நிறத்தைக் கேட்டார், பிறகு என்னை அடுக்களைப் பக்கம் அழைத்துப்போனார். கிட்னி ஏற்கெனவே சுமார்தான், தண்ணீர் உள்ளே போகாவிட்டால் நேராகப் பெரியாஸ்பத்திரிதான் என்றார்.

அன்று மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் பார்க்கும் பக்கமே நானும் அண்ணாந்து பார்த்தேன். கூடத்தின் குறுக்கே கொடி. கொடி நிறைய அவருடைய வேட்டிகள், மின்விசிறிக்குக் கீழே இரண்டு நாளாகக் காயாமல், மக்கிய நாற்றத்தோடு. கண் விழித்தால் அவருக்குத் தெரிவது அது ஒன்றுதான்.

"காயப்போட எடமே இல்லியேம்மா. நான் வேற எதுக்கு நனைக்கணும்?" என்றார்.

டிரையர் நின்று ஒரு வாரமாகியிருந்தது. எங்களுடையது இரண்டு தொட்டி மெஷின். ஒன்று துவைக்கும், மற்றது சுழன்று பிழியும். பிழிவதைத்தான் இங்கே எல்லோரும் டிரையர் என்கிறோம். அது ஓடினால் வேட்டி அரை நாளில் காய்ந்துவிடும். ஓடாததால், வெளியேறுவதைக் குறைக்க முடியாத மனிதர் உள்ளே போவதை நிறுத்திவிட்டார்.

மெக்கானிக் வேப்பூர்ப் பக்கம் போயிருக்கிறேன், நாளைக்கு வருகிறேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய நாளை என் காலண்டரில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நானே திருப்புளியை எடுத்தேன். கடையில் தாளை மென்று விழுங்கிய மெஷின்களின் வயிற்றுக்குள் கைவிட்டுப் பழகியவள். சுற்றுவதும் நிற்பதும் எனக்கு அந்நிய பாஷை இல்லை.

என் கணவர் தொழிற்பேட்டையில் பீங்கான் வார்க்கும் யூனிட்டில் வேலை பார்க்கிறார். இவர் பார்க்காமலே தீர்ப்புச் சொன்னார்: கண்டன்சர். எங்கள் தெருவில் ஃபேன் நின்றாலும் கண்டன்சர், கிணற்று மோட்டார் நின்றாலும் கண்டன்சர். ஸ்விட்சைத் திருகினால் உறுமல் மட்டும் கேட்டு உள்தொட்டி அசையாமல் நின்றதால் நானும் சரியென்று புதிது வாங்கி மாட்டினேன். சுழன்றது. மாமா கூடத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். அவர் தலை மறுபடி தலையணைக்குப் போவதற்குள் சுழற்சி தளர்ந்தது. கருகிய வாடை வந்தது. பிறகு உறுமலும் இல்லை.

கண்டன்சர் டூப்ளிகேட்டாக இருக்கும் என்றார் இவர். இல்லை, நாம் சரியாகப் பார்க்கவில்லை என்றேன். பிளக்கைப் பிடுங்கினேன், மெஷினைச் சுவரிலிருந்து இழுத்தேன், பின்பலகையைக் கழற்றினேன். ஒயர்களைத் தொடுமுன் போனில் படம் எடுத்துக்கொண்டேன். நிறங்களை நினைவில் வைப்பேன் என்று என்னை நானே நம்புகிற வயதில்லை. மூடி ஸ்விட்சில் மல்டிமீட்டரை வைத்தேன், கரண்டுக்கு வழி இருக்கிறது என்று பீப் அடித்தது. டைமரும் பீப் என்றது. மோட்டாரிலிருந்து வரும் ஒயர்களை மாற்றி மாற்றித் தொட்டேன். ஒரு ஜோடி பேசியது. மற்றது எப்படித் தொட்டாலும் மௌனம். உள்ளே சுருள் அறுந்திருந்தது. செத்தது மோட்டார்.

அதோடு நிறுத்தியிருந்தால் புது மோட்டாரையும் நாங்கள் கொன்றிருப்போம். அடியில் மூன்று ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருந்த பழைய மோட்டாரை வெளியே எடுத்தபோது அதன் நெற்றி முழுக்கத் திருநீறு பூசியது போல வெள்ளை. மேலிருந்து வழிந்து, காய்ந்து, மறுபடி வழிந்து கோடு கோடாக இறங்கியிருந்தது. சோப்புத்தூள் என்றேன் நான். இவர் ஒரு துணுக்கைச் சுரண்டி இரண்டு விரலுக்கிடையில் தேய்த்தார். தேய்த்த விரல் நின்றது.

"நம்ம மண்ணு" என்றார்.

யூனிட்டில் களிமண் கூழிலிருந்து தண்ணீரை நீக்க ஒரு பிரஸ் உண்டு. கூழைத் துணிகளுக்கு நடுவில் வைத்து அழுத்துவார்கள். தண்ணீர் வடிந்து மண் அடையாக நிற்கும். முதலில் பிழி, பிறகுதான் மற்றது என்பது அங்கே ஒரு மதம். கூழ் தெறித்த வேலைச்சட்டையை அப்படியே துவைத்தால் துவைக்கும் தொட்டி கலங்கிச் சேறாகிறது என்று, இவர் அந்த மதத்தை வீட்டுக்கும் கொண்டுவந்தார். நனைத்த சட்டையை முதலில் டிரையரில் போட்டு மண்தண்ணீரைப் பிழிந்துவிட்டுப் பிறகு துவைப்பது. இந்தத் தெருவில் பல வீடுகளில் அப்படித்தான். வேறெந்த ஊரிலாவது அழுக்குத் துணியைத் துவைப்பதற்கு முன்னால் பிழிவார்களா, தெரியாது.

சுழலும் உள்தொட்டியைத் தூக்கினோம். கீழே, தண்ணீர் வெளியேறும் ஓட்டையை அடைத்துக்கொண்டு, வெளித்தொட்டியின் அடிப்பகுதி முழுக்க வெள்ளை மண் படிந்திருந்தது. வெளியேற வழியில்லாத தண்ணீர் மேலே ஏறி, நடுத்தண்டைச் சுற்றியிருக்கும் ரப்பரைக் கடந்து, நேரே மோட்டாரின் தலையில் இறங்கியிருக்கிறது. இவர் நகத்தால் நெம்ப, மண் ஒரே வட்டமாக, விளிம்போடு, கழன்று வந்தது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"நல்லா வார்ந்திருக்குது. சுட்டா தட்டாயிடும்."

"மோட்டாரச் சுட்டாச்சு. அது போதுங்க" என்றேன்.

கூடத்திலிருந்து மாமாவின் குரல் வந்தது. "என்னடா, வூட்டுலயும் ஷிப்ட்டா?"

பழைய மோட்டாரை அரிசிச் சாக்கில் சுற்றி ஸ்கூட்டியின் காலடியில் வைத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். மழை கொஞ்சம் வழிவிட்டது. கடைக்காரர் சார் வரலீங்களா என்று கேட்டார். சார் வீட்டில் மண் கழுவிக்கொண்டிருக்கிறார் என்றேன். தண்டின் தடிமனையும் கால் ஓட்டைகளையும் பழையதோடு வைத்துப் பார்த்துக் காப்பர் சுருள் போட்ட மோட்டாராகவே ஒன்று எடுத்தேன். கூடவே அந்த நடு ரப்பரும். ரப்பர் நன்றாகத்தானே இருக்கிறது என்றார் அவர். எனக்குப் புதிது வேண்டும் என்றேன்.

மாட்டுவது கழற்றுவதைவிட எளிதாக இருந்தது, காரணம் தெரிந்துவிட்டதால். ரப்பரைப் பொருத்தினேன். மோட்டாரை ஸ்பிரிங்குகளின் மேல் உட்காரவைத்துத் தொட்டியின் தண்டோடு இறுக்கினேன். மூடி திறந்ததும் பிடித்து நிறுத்தும் பிரேக் கம்பியைக் கோத்தேன். படத்தைப் பார்த்துப் பார்த்து ஒயர்களைச் சேர்த்தேன். இவர் கரண்ட் போடு போடு என்றார். போடவில்லை. மோட்டாரின் தலையில் செய்தித்தாளை விரித்துவிட்டு ஒரு வாளித் தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்றினேன். குழாய் வழியே கடகடவென்று தெளிவாகப் போனது. செய்தித்தாளைத் தடவினேன். காய்ந்திருந்தது. அதை எடுத்துவிட்டு மாமாவின் வேட்டியைப் போட்டு, மூடியைச் சாத்தி, டைமரைத் திருகினேன்.

உறுமல் இல்லை. ஒரு மெல்லிய ஏற்றம், பிறகு காற்று அறுபடுகிற சத்தம், பிறகு நிதானம். இவர் தன் வேலைச்சட்டையை எடுத்துக்கொண்டு பின்பக்கத் துவைகல்லுக்குப் போனார்.

பிழிந்த வேட்டியை மாமாவின் கையில் கொடுத்தேன். அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். முறுக்கிப் பார்த்தார். ஒரு சொட்டும் விழவில்லை. ரயில்வேயில் தண்டவாளப் பாயிண்ட் மாற்றும் வேலையில் இருந்தவர். எதையும் சும்மா ஒத்துக்கொள்கிற ஆளில்லை.

"இன்னொருவாட்டி ஓட்டிக் காட்டு" என்றார்.

ஓட்டினேன். முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"டீ வச்சிருக்கியாம்மா? பெரிய டம்ளர்ல கொண்டா."

டீ குடித்தார். அதன்மேல் தண்ணீரும் குடித்தார், அண்ணாந்து, தொண்டைமணி ஏறி இறங்க. மறுநாள் விடிகாலையில் விரிப்பும் அதன் கீழ்த்துணியும் சேர்ந்து நனைந்திருந்தன. அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ரொம்ப ஆயிடுச்சும்மா என்றார். ஆகட்டும் மாமா என்று சொல்லி, அந்தக் கனமான ஈரத்தை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு போனேன்.