இன்னும் ஒரு துளி

எங்கள் அப்பா ஒரு நாளில் பேசுகிற வார்த்தைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அக்கா இருந்தவரை அது ஒரு குறையாகவே தெரியவில்லை, ஏனென்றால் அவள் மூன்று பேருக்கும் சேர்த்துப் பேசினாள். அம்மா நான் நடை பழகும் முன்பே இறந்துவிட்டதால் நாங்கள் மூன்று பேர்தான். அக்கா கல்யாணமாகி, மாப்பிள்ளை வீட்டாரோடு ரம்புக்கனையில் ரயிலேறி, கப்பல் மாறி இந்தியாவுக்குப் போய்விட்டாள். அதன்பிறகு வீட்டில் சத்தம் போட்டது அடுப்பில் கொதிக்கிற சோற்றுப் பானை மட்டும்தான்.

அப்பா கேகாலையில் ஒரு கராஜில் கார்களுக்குப் பெயின்ட் அடிப்பவர். கராஜுக்குப் பின்னாலிருந்த ஒற்றை அறையில் குடியிருந்தோம். வேலை இருக்கும்வரைதான் அறை. புதுக் காரென்றால் டின்னில் இருப்பதை அப்படியே அடிக்கலாம். பழைய கார்தான் ஆளைக் கொல்லும். வருஷக்கணக்காக வெயிலும் மழையும் பட்டு மங்கிய நிறத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது, கலந்துதான் எடுக்க வேண்டும். பச்சை என்றால், அதன் பளிச்சை அடக்கத் துளித் துளியாகச் சிவப்பு விடுவார்கள். அப்பா துளி விட்டுக் கலக்குவார். அக்கா அதைத் தன் கட்டைவிரல் நகத்தில் தடவி, காய்ந்ததும் வெயிலில் காரோடு ஒட்டிப் பிடித்துப் பார்ப்பாள். "இன்னும் ஒரு துளிப்பா" என்பாள். கடைசியில் "போதும்" என்பாள். கல்யாணத்தன்றுகூட அவள் மருதாணிக் கையில் ஒரு நீலக் கட்டைவிரல் இருந்தது. எனக்கு அதில் ஒரே பொறாமை. அப்பா அவளுக்குச் செல்லம் கொடுக்கிறார், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

அக்கா போன மறுமாதம், ஒரு தோட்டத்து டொக்டரின் பச்சை ஒஸ்டின் கார் கதவு நசுங்கி வந்தது. தட்டி நிமிர்த்தியாயிற்று, பெயின்ட்தான் பாக்கி. மறுநாள் காலை டொக்டர் வருவார், நிறம் மாறினால் வேறு இடம் பார்த்துக்கொள் என்று முதலாளி அப்பாவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. அன்று பௌர்ணமி, போயா விடுமுறை. கராஜில் நாங்கள் இருவர் மட்டும்.

"வா புள்ள, அக்கா மாதிரி பாத்து சொல்லு" என்றார் அப்பா. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதலில் ஒழுங்காகத்தான் பார்த்தேன். நான்காவது துளியில் என் நகமும் காரும் ஒன்றாகிவிட்டன. "போதுமா புள்ள?" என்றார். போதும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அவர் எழுந்துவிடுவார். பெயின்ட் அடிப்பார், குளிப்பார், சாப்பிடுவார், படுத்துவிடுவார். அக்கா போன நாளிலிருந்து அவர் என் முகத்தைப் பார்த்து இவ்வளவு நேரம் பேசியதே இல்லை.

"இன்னும் ஒரு துளிப்பா" என்றேன்.

விட்டார். கலக்கினார். என் நகத்தைத் துடைத்துத் தானே தடவிவிட்டு, "இப்போ?" என்றார். "இன்னும் ஒண்ணு" என்றேன். கலவை சாணி நிறத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. என்னைச் சும்மா சோதிக்கிறார், கொஞ்ச நேரத்தில் "அடி கழுத, கண்ணு எங்க இருக்கு?" என்று சிரிப்பார் என்று காத்திருந்தேன். அவர் சிரிக்கவில்லை. "அக்கா இவ்வளவு வுடச் சொல்ல மாட்டாளே" என்று மட்டும் ஒரு தடவை முனகினார்.

அக்கா பேச்சை எடுத்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எனக்கும் கண்ணு இருக்குப்பா!" என்றேன். அதன்பிறகு அவர் நான் சொன்னபடியே துளி விட்டார். ஒன்பதாவது துளியில் எனக்கே அலுத்துப்போய் "போதும்" என்றேன். அப்பா அதை அப்படியே கதவுக்கு அடித்தார். பெரியவருக்குத் தெரியாததா என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

காலையில் பச்சைக் காரில் மண்ணிறக் கதவு நின்றது. "மொகத பாஸ் மே?" என்ன இது என்று முதலாளி சிங்களத்தில் கத்தினார். டொக்டர் சிரித்தேவிட்டார். அப்பா கதவையும் மட்காட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிழை தன்னுடையதுதான், அவசரத்தில் கலந்துவிட்டேன் என்று முதலாளியிடம் சொன்னார்.

அப்பாவுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத்தான் தெரியும் என்பதை நான் அறிந்தது, என் மகனைக் கண் டொக்டரிடம் கூட்டிப்போன நாளில். அவனுக்கும் அப்படித்தான், தாயின் அப்பாவிடமிருந்து இப்படி வரும் என்றார் அவர். அப்போது அப்பா உயிரோடு இல்லை. பஸ்ஸில் வீடு வரும்வரை அழுதுகொண்டே வந்தேன்.

ஆனால் அந்த வயதில் எனக்கு வருத்தமே இல்லை. அறையைக் காலிசெய்து, ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்துக்கு வந்தோம். அப்பா ரப்பர் பால் வெட்டப் போனார். பால் வெள்ளை, அதில் யாரையும் நிறம் கேட்க வேண்டியதில்லை. பகலிலேயே வீட்டுக்கு வந்துவிடுவார். அப்பா பெயின்ட் வேலையை விட்டுவிட்டார், இப்போது நேரத்தோடு வருகிறார் என்று அக்காவுக்குச் சந்தோஷமாகக் கடிதம் எழுதினேன்.

பதிலில் அவள் சுகம்கூட விசாரிக்கவில்லை. "நீ பாத்து சொல்லலியா?" என்று ஒரே வரி. எதைக் கேட்கிறாள் என்று விளங்காமல் கடிதத்தை அப்பாவிடமே காட்டினேன். அவர் அதைப் படித்துவிட்டு, மடித்து என்னிடமே தந்தார்.

"'நான் பாத்துத்தான் சொன்னேன்'னு எழுதிப் போடு புள்ள" என்றார்.

அப்படியே எழுதிப் போட்டேன்.