மூணாங்கிளாஸுக்கு வந்த பாட்காஸ்ட்

ஆரம்பப் பள்ளி டீச்சர் வேலைக்குத் தொண்டைதான் முதலீடு. நாப்பது பிள்ளைங்களோட நாள் முழுக்கக் கத்தறவங்களுக்கு இதை நான் வேற சொல்லணுமா?

கெடு

இரண்டாயிரம் பொறந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். என் கிளாஸ்ல சுகுணான்னு ஒரு பொண்ணு. வீட்டுல தெலுங்கு. ஜூன்ல சேர்ந்த அன்னிக்குத் தெலுங்குல பதில் சொல்லிட்டா, கிளாஸே சிரிச்சுடுச்சு. அதோட வாயை மூடினவதான், திறக்கவே இல்ல. கரும்பு வெட்டற அவங்க அப்பா ஒருநாள் வந்து நின்னார். "பேசாத பொண்ணுக்கு இஸ்கூல் எதுக்கு டீச்சர்? ஆடிக் கிருத்திகை வரிக்கும் பாக்கறேன். அப்பால தம்பியப் பாத்துகினு ஊட்லயே இருக்கட்டும்."

ப்ரவுசிங் சென்டர்

எனக்குச் சுர்ருனு ஏறிச்சு. விடுவேனா? நான் கத்தி வராத பேச்சு, கதை கேட்டாவது வரட்டும். பாட்காஸ்ட்னு ஒண்ணு இருக்கு, ரேடியோ மாதிரி, நெட்லேர்ந்து இறக்கிக் கேக்கலாம்னு படிச்சிருந்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்து ப்ரவுசிங் சென்டர்ல போய் உக்காந்தேன். ஒரு கதை இறங்கறதுக்குள்ள எங்க ஊர் முருகன் மலைக்குப் படியேறி, சாமி கும்பிட்டு, இறங்கியே வந்துடலாம். எல்லாத்தையும் ஒரு எம்பி3 பிளேயர்ல ஏத்தும்போது கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "ஏன் டீச்சர், கதை சொல்லத்தானே உங்கள வேலைக்கு வெச்சிருக்காங்க?"

மணி

பிளேயர்ல ஒரு சின்ன ஸ்பீக்கரை மாட்டிக் கிளாஸ்ல போட்டேன். முதல் கதையிலேயே ஒரு பள்ளிக்கூட மணி அடிச்சது. அவ்ளோதான்! தட்டைத் தூக்கிகினு மொத்தக் கிளாஸும் சத்துணவுக் கூடத்துக்கு ஓட்டம். முன்னாடி ஓடினது யாருன்றீங்க? சுகுணா! அடிப்பாவி, கவனமாத்தான் கேட்டுகினு இருந்திருக்கா. காது சரி, இனி வாய்தான் பாக்கின்னு எனக்கு ஒரே சந்தோஷம். சமைக்கற அம்மாவுக்குத்தான் இல்ல. கரண்டியோட வந்தாங்க. "அரிசியே இன்னும் உலைல போடல. அதுக்குள்ள உன் மெஷினு மணி அடிச்சா நான் இன்னா பண்றது டீச்சர்?"

அழிக்காத பதிவு

அந்தப் பிளேயர்ல ரெக்கார்டும் பண்ணலாம். நாங்களே ஒரு பாட்காஸ்ட் பண்ணிடுவோம்னு இறங்கினேன். கிருத்திகைக்கு மூணே நாள். ஒரு பையன் கதை சொல்லிகினு இருக்கான், தெருவுல காவடிக் கூட்டம். "முருகனுக்கு!"ன்னு ஒருத்தர் குரல் குடுத்தார். அதைக் கேட்டுட்டு எங்க ஊர்ல யாரு சும்மா இருப்பா? "அரோகரா!"ன்னு கிளாஸே கத்திச்சு. கதை போச்சு. "அழிச்சிட்டு வேற எடுங்கம்மா"ன்னார் ஹெச்.எம்.

எனக்கு மனசு வரல. போட்டுக் கேட்டோம். எல்லாத்துக்கும் மேல கணீர்னு ஒரு குரல். யாருதுன்னு பிள்ளைங்க ஒருத்தரையொருத்தர் பாக்கறாங்க. கடைசி வரிசைல சுகுணா எழுந்து நின்னா. இந்தத் தடவ யாரும் சிரிக்கல. "அது நான்தான். இன்னொருவாட்டி போடு டீச்சர்."

எத்தினி மணிக்கு?

கிருத்திகை முடிஞ்ச மறுநாளே அப்பா வந்துட்டார். பிளேயரோட இயர்போனை அவர் காதுல வெச்சேன். மூணு தடவ கேட்டார். சுகுணா அவர் சட்டையைப் பிடிச்சு இழுத்து, தமிழ்லயே சொன்னா: "நைனா, நாளைக்கு நான் கதை சொல்லப் போறேன்." அவர் கண்ணைத் துடைச்சுகினார். "ஆங், சின்னவன எங்க அக்கா பாத்துக்கும்ங்க. இவ கதை எத்தினி மணிக்கு டீச்சர்?"

இத்தனை வருஷத்துல நான் கத்துகினது ஒண்ணே ஒண்ணு: பிள்ளைங்க பாழாக்கின ரெக்கார்டிங்கை ஹெச்.எம்.மே சொன்னாலும் அழிச்சிடாதீங்க.